அக்டோபர் 16-க்குப் பலகையில் நாலு வரி: எதை எழுத, எதை விட?

கரும்பலகை
எங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலை பிரேயருக்கு முன்னால் ‘இந்த நாளில்’ என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுத வேண்டும். ஒரு பிள்ளை அதை மைக்கில் வாசிக்கும். இந்த மாதம் என் முறை. பலகை சின்னது, என் எழுத்து பெரிசு. ஐந்தாவது வரி எழுதினால் அடியில் இருக்கிற குறளை அழிக்க வேண்டி வரும். அப்புறம் தமிழய்யா ஒரு வாரத்துக்கு என்னிடம் பேச மாட்டார்.

வருகிற 16-ஆம் தேதிக்கு என்ன எழுதலாம் என்று போன வருஷத்து நோட்டைப் புரட்டினேன். 1793-இல் பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்தின் தலையை வெட்டினார்கள். 1846-இல் பாஸ்டன் மருத்துவமனையில் ஈதர் கொடுத்து மயக்கி அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். 1964-இல் சீனாவின் முதல் அணுகுண்டுச் சோதனை. 1978-இல் போலந்துக்காரர் ஒருவர் போப் ஆனார், அவர்தான் இரண்டாம் ஜான் பால். எல்லாம் சரிதான், ஒன்றிலும் தப்பில்லை.

ஆனால் பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிற பள்ளி இது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கயத்தாறு. அங்கே 1799-இல் இதே அக்டோபர் 16 அன்றுதான் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். நோட்டில் அது இல்லை. பாரிஸ் இருக்கிறது, பாஸ்டன் இருக்கிறது, கயத்தாறு இல்லை.

நம்ம ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள். நாலே வரிதான், ஞாபகம் இருக்கட்டும்.

வண்ணார்பேட்டைக்காரன்
இதில் யோசிக்க என்ன இருக்கு டீச்சர்? நாலு வரியும் கட்டபொம்மனுக்கே. போப்பாண்டவர் கோவிச்சுக்க மாட்டார்.

துறைமுகத்தான்
டீச்சர், தூத்துக்குடியை மறந்திராதீங்க. வ.உ.சி. கப்பல் விட்டதும் அக்டோபர் 16-தான். 1906. அவர் பிறந்த ஓட்டப்பிடாரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான். ஒரே மண், ஒரே தேதி. ஒருத்தர் தொங்கிய நாளில் இன்னொருத்தர் கப்பல் விட்டிருக்கார். எனக்கு எழுதும்போதே சிலிர்க்குது.

பழைய ரசீது
சிலிர்ப்பு இருக்கட்டும் தம்பி, தேதியைக் கொஞ்சம் திருத்துகிறேன். 1906 அக்டோபர் 16 அன்று கடலில் கப்பல் எதுவும் இறங்கவில்லை. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்த நாள் அது. தலைவர் பாண்டித்துரைத் தேவர், செயலாளர் வ.உ.சி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், ஆக 40,000 பங்கு. சொந்தக் கப்பல்களான காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கு வந்தது 1907-இல். காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1300 பேர் ஏறலாம், 4000 மூட்டை சரக்கும் ஏற்றலாம்.

பிள்ளைகளுக்கு இதில் பிடிக்கப்போவது டிக்கெட் கதைதான். கொழும்புக்குப் போகிற கட்டணத்தை வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணாவுக்கு இறக்கியது. உடனே அவன் காசே வேண்டாம், சும்மா ஏறிக்கோ, கூடவே ஒரு குடையும் தருகிறேன் என்றான். கொழும்பு மழைக்குக் குடை நல்ல யோசனைதான்! வ.உ.சி. சிறையில் இருந்தபோதே 1911-இல் கம்பெனியை மூட வேண்டியதாயிற்று. காலியாவை வாங்கியது யார் தெரியுமா? அந்தக் குடைக்காரக் கம்பெனியேதான்.

ஆகவே பலகையில் ‘கப்பல் விட்டார்’ என்று எழுதாதீர்கள். ‘கம்பெனி பதிவானது’ என்று எழுதுங்கள். மைக்கில் வாசிக்க அவ்வளவு சுகமாக இருக்காது, ஆனால் அதுதான் சரி.

துறைமுகத்தான்
சரி அண்ணாச்சி, ஒத்துக்கிறேன். சிலிர்ப்பைப் பாதியாகக் குறைச்சுக்கிறேன்.

கணக்கு வாத்தியார்
மீதிப் பாதியையும் குறைத்துவிடுகிறேன், கோபப்படாதீர்கள்.

நெல்லைச் சீமை வரலாற்றில் நாள், மாதத்தோடு நமக்குத் தெரிந்த நிகழ்ச்சிகள் ஒரு 40 இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஏதாவது இரண்டு ஒரே தேதியில் விழுவதற்கு நூற்றுக்கு 89 வாய்ப்பு. 23 நிகழ்ச்சி இருந்தாலே பாதிக்கு மேல். வகுப்பில் ஒரே நாளில் பிறந்தநாள் வருகிற இரண்டு பிள்ளைகள் இருப்பது போலத்தான் இது. நாம் முதலில் ஒட்டிக்கொண்ட இரண்டைப் பிடித்துக்கொண்டு அப்புறமாக ஆச்சரியப்படுகிறோம்.

இன்னொன்று பாருங்கள். மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5. வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. அதே ஓட்டப்பிடாரம் வட்டாரம். இதுவும் சிலிர்க்க வேண்டியதுதானே? ஆனால் நம் ஊரில் அன்றைக்கு ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம், இரண்டையும் யாரும் நினைப்பதில்லை. தேதி ஒத்துப்போவதற்கு அர்த்தம் கிடையாது என்பது என் கட்சி. டீச்சர் இரண்டையும் எழுதட்டும், ஆனால் ‘அதே நாளில்’ என்கிற வார்த்தை மட்டும் வேண்டாம்.

பஸ் ரூட்
வாத்தியார் சொன்னது மூளைக்குச் சரி. நான் மதுரை ரூட்டில் பல வருஷம் டிரைவராக இருந்தவன். பழைய ரோட்டில் கயத்தாறு வரும்போது வண்டி தானாகவே கொஞ்சம் மெதுவாகும். அங்கே இருக்கிற கட்டபொம்மன் சிலையைப் பார்த்ததும் ஜன்னலோரம் இருக்கிறவர்கள் பக்கத்தில் தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கும்போது சிலை தாண்டியிருக்கும், காற்றாடிதான் தெரியும். இப்போது நாலு வழிச் சாலை. பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி ஊருக்குள் போகிறதே இல்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போவார்கள் என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கணக்குப் பார்த்தா போட்டார்கள்?

முக்கூடல் முருங்கை
சின்ன சந்தேகம். கயத்தாறு இப்போது தூத்துக்குடி மாவட்டம் இல்லையா? அப்புறம் எப்படி அது நெல்லைக் கணக்கில் வரும்?

வண்ணார்பேட்டைக்காரன்
வந்துட்டாருய்யா தாசில்தார்!

பழைய ரசீது
கேள்வி நியாயமானதுதான். தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986 அக்டோபர் 20, முதலில் சிதம்பரனார் மாவட்டம் என்ற பேரில். 1799-இல் கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், சிவகிரி எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம், அப்புறம் திருநெல்வேலி, 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். வாஞ்சிநாதன் செங்கோட்டையில் பிறந்தார், கலெக்டர் ஆஷ் துரையை மணியாச்சியில் சுட்டார். இப்போதைய வரைபடத்தை வைத்துப் பிரித்தால் இரண்டு ஊரும் நமக்கு இல்லை. திருநெல்வேலிக்கு மிஞ்சுவது அல்வாவும் ஆஷ் துரையின் கல்லறையும்தான்.

கரும்பலகை
அல்வாவுக்குத் தேதி தெரிந்தால் அதையும் எழுதிவிடுவேன்.

கணக்கு வாத்தியார் சொன்னது என்னை யோசிக்க வைத்துவிட்டது. வெறும் ஒற்றுமையை அதிசயம் மாதிரிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் நாளைக்கு எதையும் எதோடும் முடிச்சுப் போடும். அப்போ இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமா?

மேலரதவீதி
விடாதீர்கள் டீச்சர். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் சொல்லவில்லை.

1905 அக்டோபர் 16. கர்சன் பிரபுவின் வங்கப் பிரிவினை அமலுக்கு வந்த நாள். அன்றைக்கு வங்காளத்தில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. ‘அரந்தன்’ என்று அதற்குப் பெயர், சமைக்காமல் இருப்பது. ஜனங்கள் கங்கையில் முழுகிவிட்டு வந்தே மாதரம் பாடிக்கொண்டு தெருவில் வந்தார்கள். தாகூர் முன்னால் நின்று, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருத்தர் கையில் ஒருத்தர் ராக்கிக் கயிறு கட்டிக்கொண்டார்கள். வெளிநாட்டுச் சாமானை வாங்காதே, நம் சாமானை வாங்கு என்கிற சுதேசி இயக்கம் அந்தப் பிரிவினைக் கோபத்தில் பிடித்த தீ.

இப்போது வ.உ.சி. கம்பெனியின் பெயரைப் பாருங்கள். முதல் வார்த்தையே ‘சுதேசி’. பிரிவினை நடந்து சரியாக ஒரு வருஷம் முடிந்த நாளில் பதிவாகியிருக்கிறது. 1799-உம் 1906-உம் ஒரே தேதியில் விழுந்தது வாத்தியார் கணக்குப்படி சீட்டுக் குலுக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1905-க்கும் 1906-க்கும் நடுவில் இருப்பது சீட்டுக் குலுக்கல் இல்லை. கல்கத்தாவில் மூண்டது தூத்துக்குடிக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. பதிவு வேறு தேதியில் நடந்திருந்தாலும் இந்த உறவு அப்படியேதான் இருந்திருக்கும்.

ஆகவே என் யோசனை: ஈதரை விடுங்கள், சீனாவை விடுங்கள், 1905-ஐ உள்ளே கொண்டுவாருங்கள்.

கணக்கு வாத்தியார்
இது சரியான பேச்சு. தேதி ஒத்துப்போவது வேறு, ஒன்றிலிருந்து இன்னொன்று முளைப்பது வேறு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதே மாதிரி இன்னொன்றும் நம் பக்கத்தில் உண்டு. 1911 ஜூன் 17 காலையில் மணியாச்சி ஜங்ஷனில் ஆஷை வாஞ்சி சுட்டார். ஐந்து நாள் கழித்து, ஜூன் 22, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. தேதி ஒத்துப்போகவில்லை, ஆனால் சம்பந்தம் உண்டு. வாஞ்சி சட்டைப்பையில் இருந்த கடிதத்திலேயே ஜார்ஜ் பெயர் இருந்தது.

துறைமுகத்தான்
அப்போ என் சிலிர்ப்பு பாதி திரும்பக் கிடைச்சிருச்சுன்னு வச்சிக்கலாமா?

கணக்கு வாத்தியார்
கால்வாசி.

ஹைகிரவுண்ட் நர்ஸ்
ஈதரை விடச் சொன்னவருக்கு ஒரே ஒரு வார்த்தை. மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவை சிகிச்சை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள் அண்ணாச்சி. சரி, இடம் இல்லை என்றால் விடுங்கள். ஆனால் அக்டோபர் 16 உலக உணவு நாளும்கூட. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1945-இல் அன்றைக்குத்தான் தொடங்கியது. சத்துணவு போடுகிற பள்ளியில் அதை விடலாமா?

மேலரதவீதி
அடுப்பே மூட்டாத நாள், உலக உணவு நாள். இரண்டும் ஒரே தேதி. வாத்தியாரே, இதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு?

நாழிகை
பெரியவன் ஒருத்தன் குறுக்கே வரலாமா? எல்லாரும் அக்டோபர் அக்டோபர் என்கிறீர்கள். கயத்தாற்றில் நின்று பார்த்த சனத்துக்கு அன்று அக்டோபர் 16 கிடையாது. அவர்களுக்கு அது சித்தார்த்தி வருஷம், ஐப்பசி மாதம். நம் சீமையில் கொல்லம் ஆண்டு புழங்கிய காலம், அந்தக் கணக்கில் 975.

இப்போதெல்லாம் அக்டோபர் 16 என்றால் புரட்டாசிக் கடைசி. 1799-இல் அதற்குள் ஐப்பசி பிறந்திருந்தது. சித்திரை ஒன்று இப்போது ஏப்ரல் 14-இல் வருகிறது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் 11 வாக்கில் வந்தது. ஏறத்தாழ எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் என்று இங்கிலீஷ் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அதனால் ‘அதே நாள்’ என்பது எந்தக் காலண்டரை ஆணியில் மாட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றில் கொல்லம் ஆண்டு மட்டும்தான் இருக்கிறது. தாத்தா பங்கு பிரித்த தேதியைக் கண்டுபிடிக்க மேலே 824, ஆவணிக்கு முன்னால் பின்னால் என்று கூட்டிக் கழிக்க வேண்டும். என் பேரன் அதை ஏதோ பாஸ்வேர்டு என்று நினைத்துவிட்டான்.

பழைய ரசீது
அண்ணாச்சி சொல்வது ரொம்பச் சரி. நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலும் இதே தகராறு உண்டு. பாரதியார் திருவல்லிக்கேணியில் உயிர் விட்டது 1921 செப்டம்பரில், 11-ஆம் தேதி இரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். மாநகராட்சிப் பதிவில் 12. சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள் என்று கணக்கு வைக்கிறவர்களுக்கு 11. அரசு இப்போது செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று கொண்டாடுகிறது. எட்டயபுரத்தில் பிறந்த 1882 டிசம்பர் 11-க்கு இப்படி எந்த வம்பும் இல்லை.

தேரிக்காட்டுத் தம்பி
கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவன் பேரையும் பலகையில் எழுதணும் டீச்சர். அந்த எட்டயபுரத்து

இழைக் காவலர்
மேலே உள்ள பதிவில் பாதியை எடுத்துவிட்டேன். எட்டயபுரமா புதுக்கோட்டையா என்கிற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, இரண்டு வருஷமாக எரிந்துகொண்டிருக்கிறது. அங்கே போய்க் குளிர்காயுங்கள். கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில், பிடித்து ஒப்படைத்தவர் தொண்டைமான். அவ்வளவோடு நிற்கட்டும்.

பஸ் ரூட்
டீச்சர், இன்னொரு விஷயம். கட்டபொம்மனுக்கு எழுதுகிற வரியில் ‘தூக்கிலிடப்பட்டார்’ என்று எழுதாதீர்கள். என்னமோ மழை பெய்தது மாதிரி இருக்கிறது. யார் போட்டான்? பேரைச் சொல்லுங்கள்.

கரும்பலகை
அண்ணாச்சி, இதை எங்கள் பி.எட். வகுப்பில்கூட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சரி. பானர்மேன் பெயர் வரும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அதை வாசிக்கும், அதுதான் ஒரு பக்கம் உறுத்துகிறது. பாளையக்காரர்களை எல்லாம் வரச்சொல்லி, வரிசையாக நிறுத்தி வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே விசாரணை. அன்றே தூக்கு. கட்டபொம்மனுக்கு வயது 39. அப்புறம் கோட்டைகளை இடி, ஆயுதத்தைக் கொடு என்று உத்தரவு. பார்த்தவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காகவே நடத்தியது. வகுப்பில் சொல்லலாம், பலகையில் வேண்டாம்.

நாழிகை
பயந்தார்களா என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள் டீச்சர். 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை உங்கள் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். வெள்ளை அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்தில் உட்கார்ந்திருந்த சமயம். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளிலேயே திரும்ப எழுப்பிவிட்டார்கள். மார்ச் 31 அன்று தாக்கியவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். மே 24 வரை கோட்டை தாங்கியது.

ஊமைத்துரையைத் தூக்கிலிட்டது 1801 நவம்பர் 16. அண்ணனுக்கு அக்டோபர் 16, தம்பிக்கு நவம்பர் 16. கணக்கு வாத்தியார் ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும்.

கணக்கு வாத்தியார்
நான் வாயே திறக்கவில்லை அண்ணாச்சி.

கரும்பலகை
15-ஆம் தேதி சாயங்காலமே எழுதிவிட்டேன். இப்படி:

1799: கயத்தாற்றில் கட்டபொம்மனை மேஜர் பானர்மேன் தூக்கிலிட்டார்.
1905: வங்காளம் பிரிக்கப்பட்டது. வீடுகளில் அடுப்பு எரியவில்லை.
1906: தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது.
இன்று உலக உணவு நாள்.

‘பிரித்தவர் கர்சன்’ என்று எழுத இடம் இல்லை, பஸ் ரூட் அண்ணாச்சி மன்னிக்க வேண்டும். குறள் தப்பித்தது.

வண்ணார்பேட்டைக்காரன்
பிரேயரில் எப்படிப் போச்சு டீச்சர்?

கரும்பலகை
எங்கே போச்சு? ராத்திரி முழுக்க மழை. காலையில் ஆறரைக்கு லீவு விட்டுவிட்டார்கள். பலகையை வாசிக்க வராந்தாவில் ஒதுங்கிய ஆடு இரண்டுதான் இருந்ததாம், வாட்ச்மேன் சொன்னார்.

17-ஆம் தேதி போய்ப் பார்த்தால் சாரல் அடித்து ஓரமெல்லாம் அழிந்திருந்தது. ‘பானர்மேன்’ போய்விட்டது, ‘தூக்கிலிட்டார்’ மட்டும் நின்றது. திரும்ப எழுதி, ‘நேற்று’ என்று தலைப்பு மாற்றி வாசிக்க வைத்தேன். கட்டபொம்மனுக்குப் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். கப்பலுக்கு வந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கையைத் தூக்கி, டிக்கெட் எவ்வளவு டீச்சர் என்றான். எட்டணா என்றேன். எட்டணா என்றால் என்ன என்று கேட்டான். ஐம்பது பைசா என்றேன். ஐம்பது பைசா என்றால் எப்படி இருக்கும் என்று அடுத்த கேள்வி. என் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு ரூபாய்க்குக் கீழே ஒன்றும் இல்லை. பெல் அடித்துவிட்டது.

யார் வீட்டு உண்டியலிலாவது பழைய ஐம்பது பைசா கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நாழிகை
எட்டணாக் காசே இருக்கிறது டீச்சர், ராஜா தலை போட்டது. காட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

பழைய ரசீது
அப்படியே 20-ஆம் தேதிக்கு மாவட்டம் பிரிந்ததையும், 24-ஆம் தேதிக்குத் திருப்பத்தூரில் மருது சகோதரர்களையும் இப்போதே நோட்டில் குறித்து வைத்துவிடுங்கள். அவர்களைத் தூக்கிலிட்டது யார் என்று பஸ் ரூட் கேட்பதற்குள்.